ஈஸ்டருக்கு மறுநாள்: உயிர்ப்பு விசுவாசமும் அயலார் அன்பும்

திருவண்ணாமலையில் ஈஸ்டர் நெருங்குவதை அறிய நாட்காட்டியைப் புரட்ட வேண்டியதில்லை. பங்குனி அல்லது சித்திரைப் பௌர்ணமிக் கூட்டமே சொல்லிவிடும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய சங்கம் முடிவு செய்தது. அதன் வழியில் அமைந்த கணக்கு இது. 2019இல் சித்ரா பௌர்ணமியும் புனித வெள்ளியும் ஏப்ரல் 19 அன்று ஒன்றாகவே வந்தன. 2022இல் சித்ரா பௌர்ணமி ஏப்ரல் 16, சனிக்கிழமை. மறுநாள் விடிந்தால் ஈஸ்டர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பி வழியும் அதே வாரத்தில் ஊரின் சிறிய கிறிஸ்தவக் கூட்டம் பெரிய வியாழன் திருவிருந்துக்கும், வெள்ளிக்கிழமை மும்மணி தியானத்துக்கும், ஞாயிறு விடியற்கால ஆராதனைக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

சிறிய கூட்டம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. கத்தோலிக்கர், ஆற்காடு லுத்தரன் சபையார், தென்னிந்தியத் திருச்சபையார், பெந்தெகொஸ்தே சபையார் என்று அதற்குள்ளேயும் பல பிரிவுகள். எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரே செய்தி, சிலுவையில் மாண்ட இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது. அதை அறிக்கையிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர், திங்கட்கிழமை காலை பக்கத்து வீட்டாரையும் கடைக்காரரையும் கடன் கொடுத்தவரையும் பார்க்கிற பார்வையில் என்ன மாறியிருக்கிறது? இந்தக் கேள்விக்குத் தமிழ்க் கிறிஸ்தவம் இரு நூற்றாண்டுகளாகப் பல விடைகளைத் தந்திருக்கிறது. சில விடைகள் வாயால் சொல்லப்பட்டவை. பல விடைகள் சுவராகவும் சோறாகவும் மருத்துவமனையாகவும் நம் முன் நிற்பவை.

பரவலாகச் சொல்லப்படும் விடை, மரணத்துக்குப் பின் வாழ்வு உண்டு என்ற உறுதி. எந்தச் சபையானாலும் அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதலைப் பற்றிய வாசகம் இல்லாமல் குழி மூடப்படுவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கையைப் பிடித்துக்கொள்ள அந்த நம்பிக்கையைவிடப் பெரிய துணை கிறிஸ்தவருக்குக் கிடையாது. அதைக் குறைத்துப் பேசும் உரிமை எனக்கில்லை. ஆனால் இந்த விடை தனியே நிற்கும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். அப்படிப்பட்ட இடத்தில் போய் நின்று மறுமையைப் பற்றி மட்டும் பேசுகிறவர் துக்கத்தைக் கேளாமல் கடந்துபோகிறார். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே கல்லறை முன் நின்ற இயேசு முதலில் அழுதார் என்று யோவான் எழுதியிருக்கிறார். உயிர்ப்பை நம்புகிறவருக்கும் அழுகை கடமைதான்.

நற்செய்தி நூல்களை மறுபடி வாசித்தால் ஈஸ்டர் நாளின் காட்சிகள் வியப்பூட்டும் அளவுக்கு அன்றாடத்தன்மை கொண்டவை. உயிர்த்தவர் பிலாத்துவின் அரண்மனைக்குப் போய் நின்று தன்னைத் தண்டித்தவனை நடுங்க வைக்கவில்லை. தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்தாள். எம்மாவு போகும் சாலையில் இரண்டு பேரோடு வழிப்போக்கராக நடந்தார். அவர்கள் அவரை அடையாளம் கண்டது அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது. திபேரியாக் கடற்கரையில், இரவெல்லாம் வலைவீசி வெறுங்கையோடு திரும்பியவர்களுக்காகக் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தார். தோமாவுக்குக் காட்டியது தன் காயங்களை. தன்னைத் தெரியாது என்று மூன்று முறை சொன்ன பேதுருவிடம் மூன்று முறை அன்பைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் பேதுரு பதில் சொன்னதும் அவர் ஒப்படைத்தது ஒரே வேலையை: ஆடுகளைப் பார்த்துக்கொள்.

நற்செய்தி நூல்களுக்கும் முந்தியது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், ஏறத்தாழ கி.பி. 55. அதன் 15ஆம் அதிகாரம்தான் உயிர்த்தெழுதலைப் பற்றிய மிகப் பழைய விரிவான எழுத்து. நம் பிரசங்கிகள் அந்த அதிகாரத்தின் உச்சியில், மரணத்தைப் பார்த்து அறைகூவும் இடத்தில், நிறுத்திவிடுகிறார்கள். பவுல் நிறுத்தவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் வரியிலேயே எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையை எப்படிச் சேர்ப்பது என்று ஆரம்பிக்கிறார். வாரத்தின் முதல் நாளில், அதாவது உயிர்ப்பின் நாளில், ஒவ்வொருவரும் தம் வரவுக்கேற்ப எடுத்துவைக்கச் சொல்கிறார். அதிகார எண்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு போடப்பட்டவை. பவுலின் கடிதத்தில் அந்த இடைவெளியே கிடையாது.

ஆரம்பத் திருச்சபை அப்படித்தான் புரிந்துகொண்டது. கி.பி. 260ஐ ஒட்டி அலெக்சாந்திரியா நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது அதன் ஆயர் தியோனீசியு ஒரு ஈஸ்டர் கடிதம் எழுதினார். யூசேபியு தன் வரலாற்று நூலில் அதைப் பாதுகாத்திருக்கிறார். நோயாளிகளைப் பராமரித்து, நோயைத் தாமும் வாங்கிக்கொண்டு இறந்த சபையாரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார் ஆயர். நூறாண்டு கழித்துப் பழைய ரோம சமயத்தை மீட்கப் பாடுபட்ட பேரரசர் யூலியன், கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் போஷிக்கிறார்களே என்று தம் பூசாரி ஒருவருக்குக் கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். எதிராளி தந்த சான்று அது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இங்கே ஈஸ்டரின் முதல் சோதனை பந்தியில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் தமிழ் லுத்தரன் சபைகளில் இராப்போஜனக் கிண்ணத்தை யார் முதலில் வாங்குவது, யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பதெல்லாம் சாதிப்படியே இருந்தன. லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், சாதி ஒரு சமூக வழக்கம், நற்செய்தி மெல்ல மெல்ல அதைக் கரைக்கும், அதுவரை பொறுக்கலாம் என்று கருதினார். அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. ஒரே கிண்ணத்தில் குடிக்க மறுக்கிறவர் எதை விசுவாசிக்கிறார் என்பது அவருடைய கேள்வி. அந்தப் பிணக்கில் அவர் மிஷனைவிட்டு வெளியேறி, 1860களின் தொடக்கத்தில் கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானி என்ற பெயரில் புதிதாகப் பணி தொடங்கினார். டென்மார்க்கின் மிஷனரிச் சங்கம் அவருக்குத் துணை வந்தது. அந்தப் பணிதான் பின்னர் தென்னார்க்காடு முழுவதும் பரவித் திருவண்ணாமலைக்கும் வந்தது. ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்த டேனிஷ் மிஷன் பள்ளி அதன் அடையாளம். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது. சாதிக்கு இடம் கொடாத கிண்ணத்துக்காகப் பிறந்த ஒரு சபை என்பதை அதன் உறுப்பினர்களே எத்தனை பேர் அறிவார்கள் என்று எனக்குக் கவலை உண்டு.

கிரவுல் சொன்ன ‘மெல்ல மெல்ல’ எவ்வளவு காலம் பிடிக்கும்? திருநெல்வேலி வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயில், இரு சாதிப் பிரிவினரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பலிபீடத்தை மட்டும் பார்க்கும்படி இரண்டு கைகளாகப் பிரித்தே எழுப்பப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் சாதிச்சுவர் 21ஆம் நூற்றாண்டிலும் போராட்டப் பொருளாக இருந்தது. திருவண்ணாமலையிலிருந்து தொலைவில் இல்லாத எறையூரில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். பிணம் போகும் வழி வரைக்கும் வேறுபாடு காட்டப்பட்டதே அவர்கள் அந்த முடிவுக்கு வரக் காரணம். 2008 மார்ச் 9 அன்று அது மோதலாக வெடித்தது. வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 23. அதாவது மோதல் நடந்த மார்ச் 9 தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. மோதிய இரு தரப்பாரும் அடுத்த வாரம் குருத்தோலை பிடிக்க வேண்டியவர்கள்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஈஸ்டர் விசுவாசத்தை அளக்க வேண்டிய இடம் கல்லறைத் தோட்டம். ஈஸ்டர் என்பதே கல்லறையைப் பற்றிய செய்தி. கல் புரட்டப்பட்டது, குழி வெறுமையாயிற்று, மரணத்தின் அதிகாரம் முடிந்தது என்று விடியற்காலையில் பாடுகிற சபை, அதே கல்லறைத் தோட்டத்தில் இன்னார் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம் என்று பிரித்து வைத்திருந்தால் அது பாடியதை அதுவே நம்பவில்லை. கடைசி நாளில் எல்லாரும் ஒன்றாக எழுந்திருப்போம் என்று நம்புகிறவருக்கு ஒன்றாகப் படுத்திருக்க என்ன தடை? மற்ற பாவங்களுக்கு ஆசை, பயம், வறுமை என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லலாம். பிணத்தோடு சாதி பார்ப்பதில் யாருக்கும் ஒரு ஆதாயமும் இல்லை. இருந்தும் அது தொடர்கிறது. அதனால்தான் அது உயிர்த்தெழுதலுக்கு நேர் எதிரான அறிக்கை என்கிறேன்.

திருச்சபைத் தலைமை இதை அறியாமல் இல்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்கள் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. தலித் கிறிஸ்தவர்களோ இரட்டைச் சுமை தாங்குகிறார்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவ, இஸ்லாமிய தலித்துகள் வெளியிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் தர வேண்டும் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் நடக்கவில்லை. அரசிடம் நீதி கேட்டு ஊர்வலம் போகும் சபைகள் தங்கள் கல்லறைத் தோட்டத்து வாசலையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனால் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும்.

மாற்றுவழி காட்டியவர்களும் நம்மிடையே உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் கிராமிய மெட்டுகளில் பாட்டெழுதியவர், ‘ஒரே உலை’ என்ற எண்ணத்தைத் தன் இறையியலின் நடுவே வைத்தார். தனித்தனி அடுப்பில் சமைத்துத் தனித்தனியே உண்ணும் ஊர்கள் ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்ண வேண்டும். திருவிருந்தின் பொருள் அதுதான் என்பது அவர் போதனை. இறையியல் கல்லூரிப் பாடத்தில் நற்கருணையைப் பற்றி நான் படித்த கனமான விளக்கங்கள் பலவற்றைவிட அது நேராகப் பேசுகிறது. இன்னும் பின்னே போனால், 1921இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழரும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் மருத்துவர்கள். ஆளும் இனமும் ஆளப்படும் இனமும் ஒரே பந்தியில் உட்காராத அந்தக் காலத்தில் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஊரார் தமிழரைப் பெரியண்ணன் என்றும் வெள்ளைக்காரரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். வெள்ளைக்காரர் இளையவராக நிற்பதைக் காலனிய இந்தியாவில் வேறெங்கே பார்த்திருக்க முடியும்?

திருவண்ணாமலை வேறொரு விடையையும் தந்திருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு இந்த ஊரில் ஈஸ்டரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1896இல் மதுரையில் ஒரு பதினாறு வயதுப் பையன் மரண பயத்தை எதிர்கொண்டு, செத்துப்போனால் எஞ்சுவது எது என்று தன்னுள்ளே பார்த்தான். சில வாரங்களில் திருவண்ணாமலை வந்து சேர்ந்த அவர்தான் ரமண மகரிஷி. 1948இல் இந்தியா வந்த ஆன்ரி லெ சோ என்ற பிரெஞ்சுத் துறவி 1949இல் அவரைத் தரிசித்தார். அந்தச் சந்திப்பு அவரை உலுக்கிவிட்டது. அபிஷிக்தானந்தர் என்ற பெயரோடு 1950களில் அருணாசல மலையின் குகைகளில் மௌனமாகத் தங்கி, தன் கிறிஸ்தவ விசுவாசத்தையும் அத்வைத அனுபவத்தையும் ஒருசேரத் தாங்க முயன்றார். 1973இல் இறந்த அவருக்கு அந்தத் தவிப்பு நெடுங்காலம் தீரவில்லை. அவர் வழியில் பார்த்தால் உயிர்ப்பு என்பது காலத்தில் நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சிக்குள் அடங்காது. ‘நான்’ என்ற அகந்தை இறந்து, உள்ளே விழிப்பது அது.

இந்த வாசிப்பைச் சபைப் பிரசங்கிகள் பலர் சந்தேகத்தோடு ஒதுக்குகிறார்கள். எனக்கு அது அவசியமாகவே படுகிறது. அகந்தை சாகாமல் அயலாரை நேசிக்கப் புறப்பட்ட கிறிஸ்தவ ஊழியங்கள் அதிகாரமாக முடிந்த கதைகள் நமக்குத் தெரியும். ஆனாலும் குகையில் முடிகிற உயிர்ப்பு பாதி உயிர்ப்புதான். சென்னையில் வாழ்ந்த சக்கரைச் செட்டியார் மறுபாதியைக் காட்டினார். ‘இயேசு எனும் அவதாரம்’ என்ற பொருளில் 1926இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய இறையியலாளர் அவர். மற்ற அவதாரங்களைப் போல வந்து மறைந்துவிடாமல் உயிர்த்த கிறிஸ்து ஆவியானவராக இன்றும் மனிதருக்குள் வேலை செய்கிறார் என்பது அவர் கருத்து. அதே மனிதர் தொழிற்சங்கத் தலைவராக இருந்தார். சென்னை மேயராக இருந்தார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகவும் ஆனார். உயிரோடிருக்கும் கிறிஸ்து ஆலை வாசலிலும் இருப்பார் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இரண்டு வாழ்க்கையும் ஒருவருக்குள் பொருந்தாது.

காயத்தைப் பற்றிச் சொல்லாமல் ஈஸ்டரைச் சொல்ல முடியாது. உயிர்த்த உடலில் ஆணித் தழும்புகள் அப்படியே இருந்தன என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் விநோதமான, மிக ஆழமான கூற்று. மரணத்தை வென்றவருக்குத் தழும்பை அழிக்கத் தெரியாதா? இதற்கு வேலூரில் ஒரு விடை கிடைத்தது. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போவதால் சூட்டிலும் காயத்திலும் சிதைகின்றன என்று நிறுவினார். மடங்கி இறுகிப்போன கைகளுக்கு, முன்கையின் நல்ல தசைநாரை இடம் மாற்றி வைத்து விரல்களை மீண்டும் அசைய வைத்தார். 1948இல் தொடங்கிய அந்த அறுவை முறை பிறகு உலகெங்கும் போனது. குணமானவர்கள் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்ப 1951இல் நவ ஜீவ நிலையம் அமைந்தது.

பிராண்ட் பின்னாளில் எழுதிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. நோயாளிகளின் மாலைக் கூட்டத்தில் பேசச் சொன்னபோது, எதிரே துணிக்குள் மறைத்து வைத்திருந்த கைகளைப் பார்த்தார். கிறிஸ்துவின் கைகளைப் பற்றியே பேசினார்: தச்சு வேலை செய்து காய்த்த கை, நோயாளியைத் தொட்ட கை, ஆணி துளைத்து நரம்பு அறுந்து மடங்கிப்போன கை, கடைசியில் உயிர்த்த பிறகும் தழும்போடு நீட்டிய கை. கூட்டம் முடிந்தபோது அந்த நோயாளிகள் மடங்கிய கைகளை மறைக்காமல் உயர்த்திக் குவித்து வணங்கினார்கள். உயிர்ப்பு பற்றி நான் அறிந்த பிரசங்கங்களில் இதுவே தலைசிறந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்ளேயே, சேத்துப்பட்டில், 1960களிலிருந்து இயங்கிவரும் தொழுநோய் மருத்துவமனைக்குப் புனித தோமாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவரின் பெயர், மற்றவர் தொட மறுத்த காயங்களைத் தொடும் இடத்துக்கு. கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் தொழுநோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அந்நோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்ற சட்டப்பிரிவுகள் நீக்கப்பட்டதே 2019இல்தான். உடலின் தழும்பைவிட ஊரின் கண் ஆறத்தான் அதிக நாள் பிடிக்கிறது.

மன்னிப்பு இன்னும் கடினமான பகுதி. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், உடன் சில ஹோட்டல்கள். குண்டுகள் 260க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த தமிழ்க் குழந்தைகள் பலர். மறு ஆண்டு ஈஸ்டரில் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று அறிவித்தார். அதே கர்தினால்தான் அதன்பின் ஆண்டுக்கணக்காக, எச்சரிக்கை கிடைத்தும் தடுக்காதவர்கள் யார், பின்னணியில் இருந்தவர்கள் யார் என்று விடாமல் கேட்டுவருகிறார். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. மன்னித்தவர் நீதி கேட்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். மன்னிப்பு என்பது பழிவாங்கும் கையைக் கீழே போடுவது. உண்மையைப் புதைப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரும் இரு மகன்களும் வண்டியோடு எரிக்கப்பட்டபோது கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தேன் என்றார். பாரிபதாவில் தொழுநோயாளிகளிடையே பணியைத் தொடர்ந்தார். வழக்கும் தன் வழியில் நடந்து தீர்ப்பு வந்தது.

அயலாரை நேசிப்பது பற்றிப் பேசும்போது இந்த வட்டாரத்தில் ஒரு நெருடலான நினைவு உண்டு. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்த ஊர்களைச் சூறையாடியபோது மிஷன்கள் கஞ்சி ஊற்றின. சேத்துப்பட்டைத் தன் ஊராக்கிக்கொண்ட பிரெஞ்சுக் குரு தாராஸ் அடிகளாரின் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற ஏளனம் அன்று முதல் இன்று வரை கேட்கிறது. பசித்தவன் சோற்றைத் தேடுவதில் ஏளனத்துக்கு என்ன இருக்கிறது? தங்களை மனிதராக நடத்திய இடத்தை அவர்கள் தேர்ந்துகொண்டதும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் கொடுக்கிறவர் பக்கத்திலிருந்து கேள்வியைக் கேட்டாக வேண்டும். கடற்கரையில் மீன் சுட்டு வைத்தவர் சாப்பிட வாருங்கள் என்று மட்டுமே கூப்பிட்டார். கணக்குப் புத்தகத்தோடு வரும் கருணையை ஏழை உடனே கண்டுகொள்வான். கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்கிறவர்கள் வரிசையில் நிற்பவரிடம் எந்த ஊர், என்ன மதம் என்று விசாரிப்பதில்லை. அந்தப் பெருந்தன்மையைக் கிறிஸ்தவர்கள் அண்டை வீட்டாரிடமிருந்து நன்றியோடு கற்றுக்கொள்ளலாம். பௌர்ணமி இரவில் கால் கொப்புளித்து உட்கார்ந்திருக்கும் முதியவருக்குத் தண்ணீர் கொடுக்க, பெரிய வியாழன் அன்று பன்னிருவர் காலைக் கழுவும் சபைக்குத் தனி அனுமதி தேவையில்லை.

கடைசியாக ஒரு குறை. தவக்காலத்தின் 40 நாளுக்கு நம் சபைகளில் ஒழுங்கு இருக்கிறது. நோன்பு, சிலுவைப் பாதை, லெந்து கூட்டம், ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைக்கும் பிடியரிசி என்று என்ன செய்ய வேண்டும் என்பது பாட்டிக்கும் பேரனுக்கும் தெரியும். ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே வரையான 50 நாளும் திருச்சபை நாட்காட்டியின்படி பண்டிகைக்காலம்தான். தவக்காலத்தைவிட நீளமானது. அதற்கு மட்டும் செயல்திட்டமே இல்லை. ஞாயிறு மதியம் பிரியாணியோடு ஈஸ்டர் முடிந்துவிடுகிறது. துக்கத்துக்குப் பயிற்சி இருக்கிறது, மகிழ்ச்சிக்கு இல்லை. அந்த 50 நாளும் இந்த மாவட்டத்தில் எப்படிப்பட்ட காலம் என்று பாருங்கள். கத்திரி வெயில். கிணறு வற்றி, வயலில் வேலை நின்றுபோய், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பும் காலம். பள்ளிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கும் காலம். பிடியரிசியை அந்த 50 நாளுக்கும் நீட்டலாம். கல்லறைத் தோட்டத்துக்கு ஒரே பதிவேடு, ஒரே வரிசை என்று சபைக் கூட்டத்தில் தீர்மானம் போடலாம். ஞாயிறு தோறும் ஒரே உலையில் பொங்கலாம்.

2015இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை, ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தார். ஜவ்வாது மலையிலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள். கிறிஸ்தவ வீடுகளில் ஈஸ்டர் பலகாரம் இன்னும் தீராத நாள் அது. பாஸ்கா மெழுகுதிரி பெந்தெகொஸ்தே வரை பீடத்தருகே இன்னும் 47 நாள் எரிய வேண்டியிருந்தது.